அம்மன் நகையை உருக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில் நகைகள் திருடு போனது பற்றி எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பேச்சு ஓடியது. உலகமே பார்த்திருக்கிற நகையைத் திருடி யாரிடம் விற்பார்கள்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்று எங்கள் சொந்த விஷயம். எங்கள் குலதெய்வக் கோயில் காங்கேயம் பக்கம். அறநிலையத்துறைக் கோயில் கிடையாது, குடிப்பாட்டு மக்களே, அதாவது அந்த அம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற பங்காளிகளே பார்த்துக்கொள்கிறோம். அம்மனுக்குக் காசுமாலை, பதக்கம், கண்ணடக்கம், நெற்றிப்பட்டம் என்று பழைய நகைகள் உண்டு. எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) அம்மா கழற்றிப் போட்ட அட்டிகையும் அதில் ஒன்று. முறை வைத்து ஒவ்வொரு பங்காளி வீட்டு பீரோவிலும் இருந்து வருகிறது. "லூவர்லயே காப்பாத்த முடியல, நம்ம பீரோவுல என்ன பத்திரம்? உருக்கிக் கட்டியாக்கி பேங்க் லாக்கர்ல வெச்சுட்டாத் தீந்துது" என்று போன கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பெரியவர்களில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

உருக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் உங்கள் முதல் கேள்விக்கான பதிலிலேயே இருக்கிறது.

லூவர் திருட்டு நடந்தது 2025 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை காலை. அருங்காட்சியகம் திறந்து பார்வையாளர்கள் உள்ளே இருந்த நேரம். மாடி வீடுகளுக்குச் சாமான் ஏற்றும் ஏணி வண்டியைத் தெருவில் நிறுத்தி, மேல்மாடி ஜன்னல் வழியாக அப்பல்லோ கூடத்துக்குள் போனார்கள். கண்ணாடிப் பெட்டிகளை மெஷினால் அறுத்து எட்டு நகைகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மொத்தமே ஏழெட்டு நிமிஷம். ஒன்பதாவதாக எடுத்த, யூஜெனி என்ற பிரெஞ்சு அரசியின் கிரீடம் தப்பிக்கும்போது கீழே விழுந்து நசுங்கிக் கிடந்தது. அதில் மட்டும் 1,354 வைரங்களும் 56 மரகதங்களும். போனவற்றின் மதிப்பு 8.8 கோடி யூரோ என்று அறிவித்தார்கள். சந்தேகத்தின் பேரில் சில நாட்களிலேயே ஆட்களைப் பிடித்தார்கள், நகைகள் அவர்களோடு சிக்கவில்லை.

அந்த எட்டில் ஒன்று, நெப்போலியன் தன் இரண்டாவது மனைவி மரி லூயிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த மரகத ஆரம். 32 மரகதம், 1,138 வைரம். இதை ஆரமாக யாரும் வாங்க மாட்டார்கள், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் திருடியவனுக்கு ஆரம் தேவையில்லை. கழற்றிவிட்டால் அது 1,138 பொடி வைரம். எந்த வைரமும் தான் எங்கே இருந்தேன் என்று சொல்லாது. பெரிய கல்லாக இருந்தால் திரும்பப் பட்டை தீட்டுவார்கள். எடை குறையும், அடையாளம் போய்விடும். வெள்ளியையும் தங்கத்தையும் உருக்கிவிடலாம். 8.8 கோடியில் ஒரு சிறு பங்குதான் கையில் நிற்கும், அது போதும் அவனுக்கு. இருநூறு வருஷ வேலைப்பாட்டை அழித்துத்தான் அந்தச் சிறு பங்கை எடுக்க முடியும் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உருக்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவையில் இடையர் வீதி, வைசியாள் வீதிப் பக்கம் எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். கல்லை நெம்பி எடுப்பார்கள். அரக்கை எரித்து எடுப்பார்கள். மிச்சத்தை மூசையில், அதாவது உருக்குகிற கிண்ணத்தில் போட்டு, வெங்காரம் ஒரு சிட்டிகை தூவி, கேஸ் நெருப்பைக் காட்டுவார்கள். சுத்தத் தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும், செம்பு கலந்த நகைத் தங்கம் அதற்கு முன்னாலேயே இளகிவிடும். முதலில் மெல்லிய கம்பி வேலை துவளும். அப்புறம் பூ, இலை, அன்னம் எல்லாம் ஓரம் மழுங்கும். சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டும். கொஞ்ச நேரத்தில் மூசையின் அடியில் ஒரு சிவந்த குமிழி உருண்டுகொண்டிருக்கும். ஒரு ஆசாரி மாசக்கணக்கில் செய்தது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துபோகும்.

அதனால்தான் தங்கத் திருட்டுகளில் பொருள் திரும்பி வருவது அபூர்வம். 2017 மார்ச்சில் பெர்லினில் போடெ அருங்காட்சியகத்திலிருந்து 100 கிலோ எடையுள்ள கனடா நாட்டுத் தங்க நாணயத்தை ராத்திரியில் தள்ளுவண்டியில் வைத்துக் கடத்தினார்கள். திருடியவர்களுக்குத் தண்டனை கிடைத்தது, நாணயம் கிடைக்கவேயில்லை. உலகக் கோப்பைக் கால்பந்தின் ஜூல் ரிமே கோப்பை இரண்டு தடவை திருடு போனது. 1966இல் லண்டனில் போனபோது காகிதம் சுற்றி வேலியோரம் கிடந்ததை ஒரு நாய் கண்டுபிடித்தது. 1983இல் ரியோ டி ஜெனிரோவில் போனபோது திரும்பவில்லை. உருக்கிவிட்டார்கள் என்றே நம்புகிறார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான இழப்பு தாகூரின் நோபல் பதக்கம். 2004 மார்ச்சில் சாந்திநிகேதன் அருங்காட்சியகத்திலிருந்து திருடிப் போனார்கள். சிபிஐ விசாரித்தும் பதக்கம் அகப்படவில்லை. நோபல் அறக்கட்டளை பிறகு நகல்கள் செய்து கொடுத்தது. 1913இல் ஆசியாவுக்கு முதன்முதலாகக் கிடைத்த இலக்கிய நோபல் அது. எடைக்கு எடை பார்த்தால் வசதியான வீட்டுக் கல்யாணப் பெண் போடுகிற தங்கத்தைவிடக் குறைவு. அந்தக் குறைந்த காசுக்காக அது போயிற்று.

உங்கள் கூட்டத்தில் சொன்ன யோசனைக்கு வருகிறேன். கட்டியாக்கினால் பத்திரம் என்கிறார்கள். திருடனுக்கு ரொம்பப் பிடித்த வடிவமே கட்டிதான். 1983 நவம்பரில் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தருகே ஒரு கிடங்கில் சுமார் 3 டன் தங்கம் கொள்ளை போனது. பிரிங்ஸ் மாட் கொள்ளை என்று சொல்வார்கள். அத்தனையும் எண் பொறித்த கட்டிகள். செம்பைக் கலந்து திரும்ப உருக்கி, எண்ணும் போய், தரமும் மாறி, பழைய தங்கம் என்று சந்தைக்கே வந்துவிட்டது. பெரும்பகுதி மீளவில்லை. அம்மனின் பதக்கத்தை ஒருவன் திருடினால் அதைச் சிதைக்கிற வரைக்கும் அவனுக்குப் பயம் இருக்கும், கடைக்காரரும் இரண்டு கேள்வி கேட்பார். கட்டியென்றால் அந்தச் சிரமமே அவனுக்கு இல்லை. அவன் பட்டறையில் செய்ய வேண்டிய வேலையை நீங்களே செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு பொருள் திரும்பி வர வேண்டுமென்றால் அது அந்தப் பொருளாகவே இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் 2018 செப்டம்பரில் நிஜாம் அருங்காட்சியகத்தில் தங்க டிபன் கேரியரும் கோப்பையும் களவு போயின. வாங்க ஆள் தேடித் திரிந்து, கிடைக்காமல், உருக்குவதற்குள் மாட்டிக்கொண்டார்கள். அதனால் அவை முழுசாகத் திரும்பின. நம் ஊரில் இதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய கதையே உண்டு. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரைத் திருமுருகன்பூண்டியில் வேடர் வடிவில் வந்த பூதகணங்கள் வழிமறித்துப் பறித்தன. வழிப்பறி நடக்கிற ஊரில் நீர் எதற்கு இருக்கிறீர் என்று சிவனிடமே சண்டை போட்டு அவர் பாடிய பதிகம் தேவாரத்தில் இருக்கிறது. பறிபோனது அத்தனையும் வாசலில் வந்து சேர்ந்தது என்கிறது புராணம். வேடுபறி என்று இன்றும் அங்கே விழா எடுக்கிறார்கள்.

தங்கத்தைப் போல உருக்கிக் காசாக்க முடியாதவற்றைப் பாருங்கள். மோனாலிசா 1911 ஆகஸ்டில் இதே லூவரிலிருந்து போனது. அங்கே கண்ணாடி வேலை செய்த வின்சென்சோ பெருஜ்ஜியா இரண்டு வருஷத்துக்கு மேல் பதுக்கி வைத்திருந்து, 1913 டிசம்பரில் ஃப்ளாரன்சில் விற்கப் போய் அகப்பட்டார். படம் சேதமில்லாமல் வந்தது. எல்லாமே இப்படி வருவதில்லை. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 அன்று போலீஸ் வேஷத்தில் வந்தவர்கள் எடுத்துப்போன 13 பொருள்கள் வரவில்லை, வெற்றுச் சட்டங்களை இன்னும் மாட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நம்பிக்கையாவது மிச்சம் இருக்கிறது.

நம் சாமி சிலைகள் திரும்பிய கதைதான் உங்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து போன நடராஜரை, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் மூலமாக ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. சிலைக்குப் போலியான பழைய சரித்திரம் தயாராக இருந்தது. அதை உடைத்தது ஒரு போட்டோ. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்து வருஷங்களாகத் தமிழ்நாட்டுக் கோயில் சிலைகளைப் படமெடுத்து வைத்திருக்கிறது. அந்தப் படத்தில் இருந்ததும் கான்பெராவில் நின்றதும் ஒரே நடராஜர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கையாலேயே திரும்பி வந்தார். பத்தூர் நடராஜருக்குப் படம் கிடையாது. 1976இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்து விற்றுவிட்டார்கள், அது லண்டன் வரைக்கும் போய்விட்டது. லண்டன் நீதிமன்றத்தில் சிலையில் ஒட்டியிருந்த மண், கறையான் தடம் வரைக்கும் அதே கோயிலில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டு நிரூபித்து, 1991இல் மீட்டார்கள். எத்தனை வருஷப் பாடு! ஒரு நல்ல போட்டோ இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாகியிருக்கும்.

"அரசாங்கமே 21 கோயில் தங்கத்தை உருக்கி, 1,074 கிலோ பேங்கில் போட்டிருக்கிறதே" என்று யாராவது கேட்பார்கள். அது காணிக்கையாக வந்து பயன்படாமல் கிடந்த பல மாற்றுப் பொன். உங்கள் உண்டியலில் விழுந்த துண்டு துணுக்கு இருந்தால் அதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அட்டிகையும் பதக்கமும் அந்தக் கணக்கில் வராது. இன்னொன்றையும் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பழைய நகையில் உள்ளே அரக்கு, மேலே கல், பற்ற வைத்த இடத்தில் தரம் குறைந்த பொன். தராசில் காட்டுகிற எடைக்குத் தங்கம் வராது. காசுமாலையை ஒரு வெளிச்சமான இடத்தில் வைத்து ஒவ்வொரு காசாகப் புரட்டிப் பாருங்கள். அசல் பவுன் காசாக இருந்தால் விக்டோரியாவோ எட்வர்டோ தலையோடு வருஷமும் இருக்கும். எல்லாவற்றிலும் பிந்திய வருஷம் எதுவோ, அதற்கு முன்னால் அந்த மாலை கட்டப்பட்டிருக்க முடியாது. உங்கள் குலத்தின் சரித்திரத்தில் எழுதி வைத்த தேதி வேறு எங்கே இருக்கிறது?

உங்கள் காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் நீலப்பச்சைக் கல் வெட்டினார்கள். கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரோமாபுரிக் காசு வெள்ளலூரிலும் கரூரிலும் பானை பானையாகக் கிடைத்தது. இவ்வளவு நகை செய்த நாட்டில் அந்தக் காலத்து நகை என்று காட்ட நம்மிடம் ரொம்பக் கொஞ்சம்தான் உண்டு. மண்ணுக்குள் போனது தப்பித்தது. மேலே இருந்தது தலைமுறைக்குத் தலைமுறை உருகி வேறு நகையாகிவிட்டது. உங்கள் அம்மன் கழுத்தில் இருப்பது இன்னும் உருகாமல் வந்திருக்கிறது, அதை நம் கையால் முடிக்க வேண்டாம் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பயம் நியாயமானது. பீரோ முறையை நிறுத்துங்கள். லாக்கர் எடுங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால்தான் திறக்க முடிகிற மாதிரி கூட்டுக் கணக்கில். லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, அதனால் பட்டியல் உங்கள் பொறுப்பு. புது நகைக்கு ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடும் இருக்கிறது. பழைய நகைக்கு அடையாளம் அதன் குறைகள்தான். வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, ஒட்டுப் போட்ட இடம், விழுந்துபோன கல்லின் குழி எல்லாவற்றையும் கிட்டத்தில் படமெடுங்கள். தராசின் எண் தெரிய ஒரு படம். உற்சவர் இருந்தால் அலங்காரம் இல்லாமல் முதுகையும் பீடத்தின் அடியையும் எடுக்க மறக்காதீர்கள். போட்டவர் யார், எந்த வருஷம் என்று பெரியவர்களுக்கு நினைவிருப்பதை அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அந்த அட்டிகைக்கு நேராக உங்கள் அப்பாருவின் அம்மா பெயரையும் எழுதுங்கள். ஒரு பிரதி பூசாரியிடம், ஒன்று உங்களிடம், ஒன்று வெளியூரில் இருக்கிற ஒரு பங்காளியிடம் இருக்கட்டும்.

பழைய நகையை உருக்கி அம்மனுக்குக் கவசம் செய்யலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், அவர்கள் தனியாக வசூல் செய்து புதிதாகச் செய்துகொள்ளட்டும். நோம்பிக்கு (திருவிழாவுக்கு) நகைகளை வெளியே எடுக்கிற நாளிலேயே இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள், தராசுக்கு ஊர் ஆசாரியைக் கூப்பிட்டுக்கொண்டால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

அன்புடன்.