புவியியல் படித்தால் என்ன உழைக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

மகளுக்குக் கலைப்பீடம் கிடைக்கும் போலிருக்கிறது. புவியியல் செய்ய ஆசைப்படுகிறாள். பேராதனைக்கு அனுப்பலாமா, யாழ்ப்பாணத்திலேயே படிக்க விடலாமா? "படிச்சு என்ன உழைக்கப் போறாள்" என்று வீட்டில் கேட்கிறார்கள்.
*ஒரு தாய், பருத்தித்துறை*

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. அதனால் செலவே இல்லை என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். காசு போவது அறை வாடகையிலும் சாப்பாட்டிலும். அதைவிட அதிகமாகப் போவது, உழைக்காமல் கழியும் வருடங்களில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் வீட்டுத் தொகைகளை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். பேராதனையில் பங்கு அறை, சாப்பாடு, பயணம், போட்டோக்கொப்பி எல்லாம் சேர்த்து மாதம் 32,000 ரூபா என்று வைப்போம். வருடத்துக்கு பத்து மாதம், நான்கு வருடம்: 12 இலட்சத்து 80 ஆயிரம். மகாபொல உதவித்தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. அது முழுக்காலமும் கிடைத்தால் 3 இலட்சம் கழியும். மிச்சம் 9 இலட்சத்து 80 ஆயிரம். குடும்ப வருமானம் பார்த்துத்தான் மகாபொல தருவார்கள். கையில் வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதே பிள்ளை உயர்தரத்தோடு ஒரு கடையிலோ கந்தோரிலோ மாதம் 35,000 உழைத்திருந்தால், நான்கு வருடத்தில் 16 இலட்சத்து 80 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 26 இலட்சத்து 60 ஆயிரம். பட்டத்தோடு 55,000 ரூபா வேலை கிடைத்தால் மாத வித்தியாசம் 20,000. போட்ட காசு திரும்ப 133 மாதம், அதாவது பதினொரு வருடம் எடுக்கும். சம்பள உயர்வையும் ஓய்வூதியத்தையும் இதில் சேர்க்கவில்லை. அரச வேலையில் இரண்டும் பெறுமதியானவை.

வீட்டிலிருந்து, யாழ். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குப் போய் வந்தால் மாதச் செலவு 12,000க்குள் அடங்கலாம். அப்போது மொத்தம் 18 இலட்சத்து 60 ஆயிரமாகக் குறையும். எட்டு வருடத்துக்குள் கணக்கு நேராகிவிடும். பேராதனை விடுதியில் இடம் கிடைத்தால் அங்கும் செலவு இறங்கும், ஆனால் நான்கு வருடமும் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கணக்கைக் குழப்புவது பட்டத்துக்குப் பிறகு காத்திருக்கும் காலம். நியமனம் வரட்டும் என்று இரண்டு வருடம் வீட்டில் இருந்தால் இன்னும் 8 இலட்சத்து 40 ஆயிரம் ஏறும். பதினொரு வருடம் பதினாலரை வருடமாகிவிடும். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் மாதக்கணக்கில் இருந்தார்கள். 2020இல் பயிற்சிக்கு எடுக்கப்பட்ட பட்டதாரிகளுக்கு முதல் வருடம் மாதம் 20,000 ரூபாதான் கொடுப்பனவு. எங்கள் அபிப்பிராயம்: யாழ்ப்பாணத்திலேயே படிக்கட்டும். மிஞ்சும் காசில் 16 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுங்கள்; ஆங்கிலத்தையும் விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்று வருடப் பொதுக்கலையோடு வெளியே வருவதா, நான்கு வருடச் சிறப்புக்கலை செய்வதா? ஜீ.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை, கணினியில் வரைபடம் செய்வது) வகுப்புக்குக் காசு கட்டலாமா?
*கலைப்பீட மாணவர், சாவகச்சேரி*

ஆசிரியர் நியமனமும் நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சையும்தான் குறி என்றால் பொதுக்கலை போதும். மிச்சமாகும் ஒரு வருடத்தைப் பரீட்சைக்குக் கொடுக்கலாம். வர்த்தமானியில் வயதெல்லையை மட்டும் கவனியுங்கள். விரிவுரையாளர் வேலை, முதுமாணி, அனர்த்த முகாமைத்துவம், நீர்வளம், தொண்டு நிறுவனங்கள் என்று போவதானால் சிறப்புக்கலை. அதில் செய்யும் ஆய்வுக்கட்டுரைதான் நேர்முகத்தில் நீங்கள் மேசையில் வைக்கக்கூடிய ஒரே பொருள்.

தலைப்பை ஊருக்குள்ளேயே தேடுங்கள். குடாநாட்டின் குடிநீரில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நிலத்தடி நீர். வலிகாமத்தில் முப்பது கிணறுகளைத் தெரிந்து, மாரிக்கு முன்னும் பின்னும் மின்கடத்துதிறனை (தண்ணீரில் உப்புக் கூடினால் இதுவும் கூடும்) அளந்தால் உவர் ஏறும் இடங்கள் படத்தில் தெரியும். நைத்திரேற்றையும் ஆய்வுகூடத்தில் பார்ப்பித்தால் இன்னும் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

வகுப்புக்கு உடனே காசு கட்டாதீர்கள். கியூஜிஐஎஸ் என்ற ஜீ.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். சென்டினல் 2 செய்மதிப் படங்களும் இலவசம், 10 மீற்றர் துல்லியம். சான்றிதழை விட, நீங்களே செய்த மூன்று வரைபடங்கள் அதிகம் பேசும். தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் ஆள்கூற்று முறைமை, அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறை. மென்பொருளில் ஒவ்வொரு முறைக்கும் ஓர் இலக்கம் (EPSG) உண்டு. இலங்கையின் பழைய முறையான கண்டவலைத் தரவுக்கு இலக்கம் 5234, புதிய முறையான எஸ்எல்டி99க்கு 5235. கிழக்கு, வடக்குத் தூரங்களை எண்ணத் தொடங்கும் எண் முன்னதில் 200,000 மீற்றர், பின்னதில் 500,000. பழைய தரவுக்கு 5235 என்று மாற்றிக் கொடுத்தால் யாழ்ப்பாணம் மேற்கே 300, தெற்கே 300 கிலோமீற்றர் நகர்ந்து, கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் போய் நிற்கும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் படும். கைபேசி ஜிபிஎஸ் புள்ளிகளை முறையான மாற்றம் இல்லாமல் கண்டவலைப் படத்தில் வைத்தால் வரும் சின்ன விலகல் கண்ணில் படாது. கிணறு வேறொரு வளவுக்குப் போயிருக்கும். தெரிந்த ஒரு சந்தியை முதலில் வைத்துச் சரிபாருங்கள்.

புவியியல் பட்டத்தோடு நில அளவையாளர் ஆகலாமா?
*உயர்தர மாணவி, மானிப்பாய்*

ஆக முடியாது. நில அளவை விஞ்ஞானம் சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் தனிப் பட்டம். அதற்கு உயர்தரத்தில் கணிதப் பிரிவு வேண்டும். கலைப்பிரிவில் இருந்துகொண்டு அந்த வேலைக்கு ஆசைப்பட்டால், படம் வரைதல், ஜீ.ஐ.எஸ். பக்கம் திரும்புவதுதான் வழி.