பழைய லார்ஜ் ஃபார்மட் (பெரிய அளவு ஃபிலிம் போடும் கேமரா) லென்ஸும், ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரும் எந்த ஆண்டில் செய்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் லென்ஸையும் ஷட்டரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஷட்டர் கெட்டுப்போனால் லென்ஸை வேறு ஷட்டரில் மாட்டுவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். அதனால் ஒன்றின் வயதை வைத்து மற்றதைச் சொல்லிவிட முடியாது.

கோடாக் எக்டார் லென்ஸ் என்றால் வேலை சுலபம். வரிசை எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கும். ‘கேமரோசிட்டி’ (CAMEROSITY) என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளான சி, ஏ, எம், இ, ஆர், ஓ, எஸ், ஐ, டி, ஒய் முறையே 1 முதல் 9 வரை, கடைசியில் 0. ‘இஓ’ என்று இருந்தால் 46, அதாவது 1946. எனக்கு மிகவும் பிடித்த குறியீடு இது, அவ்வளவு நேர்மையானது! ஸைஸ், ஷ்னைடர் லென்ஸ்களுக்கு வரிசை எண் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், விளக்கொளியில் லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். பிரதிபலிப்பு நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு. பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. ஆனால் பழைய கண்ணாடி நாளடைவில் தானே நிறம் மாறுவதும் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்.

ஷட்டரில் வேக எண்களைப் பாருங்கள். 25, 50, 100 (அதாவது 1/25, 1/50, 1/100 நொடி) என்றால் பழைய வரிசை. 30, 60, 125 என்றால் பிந்தையது. ஃபிளாஷ் ஒயர் செருகும் இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம், ஆனால் அதைப் பிற்பாடு பொருத்தியும் இருக்கலாம். அபர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எண்கள் 4, 8, 16, 32 என்று இரட்டித்துப் போனால் அது பழைய யூ.எஸ். (யூனிஃபார்ம் சிஸ்டம்) அளவு: அதில் 4 என்பது இன்றைய எஃப் அளவில் 8, 16 மட்டும் இரண்டு அளவிலும் ஒன்றே.