46 பிள்ளைகள், நான்கு டேப்லெட்: தொடக்கப் பள்ளியில் படிநிலை வாசிப்பை டிஜிட்டலில் தொடங்குவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. தமிழ்நாட்டில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 46 பிள்ளைகள். நான்கு டேப்லெட், ஒரு ஸ்மார்ட் டிவி, விட்டு விட்டு வரும் இணையம். அவரவர் நிலைக்கு ஏற்ற கதைகளைத் திரையில் படிக்கவைக்க எந்தச் செயலியைப் போடலாம், எப்படி நடத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செயலியைத் தேடுவதற்கு முன் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 40 நிமிடப் பாடவேளையில் கருவியை எடுத்துக் கொடுக்க, கதையைத் திறக்க, திரும்ப வாங்கி வைக்க என்று 10 நிமிடம் போய்விடும். மிச்சம் 30. ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம் என்றால் நான்கு டேப்லெட்டில் இரண்டு சுற்று, நாளுக்கு எட்டுப் பேர், வாரத்துக்கு 40 பேர். ஒன்றாம் வகுப்பில் எட்டுப் பேர் என்று வைத்து, அவர்களை முதல் பருவத்துக்கு விட்டுவிட்டால் மீதி 38 பேரும் இதற்குள் அடங்குவார்கள். அதாவது ஒரு பிள்ளைக்கு வாரத்துக்கு ஒரு முறை, 15 நிமிடம். 40 வாரம் ஒரு நாள் விடாமல் நடந்தாலும் ஆண்டுக்குப் பத்து மணி நேரம். பத்து மணி நேரத் திரை வாசிப்பு மட்டும் யாரையும் வாசகராக்காது. மீதி நாட்களில் அந்தப் பிள்ளையின் கையில் தாள் புத்தகம் இருக்க வேண்டும். டேப்லெட்டின் வேலை இரண்டு: வகைவகையான கதைகளைக் கொண்டுவந்து தருவது, ஒரே கதையை அலுக்காமல் திரும்பப் படிக்கவிடுவது. யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று முடிவு செய்வது ஆசிரியரின் காது. இந்த வேலையைச் செயலியிடம் விட்டுவிடும் இடத்தில்தான் திட்டம் சரிகிறது.

கதைகளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய உண்டு. நான்கு நிலைகள்: முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, நான்காவது அதற்கு மேல். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் எழுதியவர், வரைந்தவர் பெயரை எடுக்காமல் அச்சடித்துக்கொள்ளலாம், நகலெடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் சிறு சிறு நூல்களாக வந்தவை. அவை அலமாரியில் பூட்டிக் கிடந்தால் முதலில் வெளியே எடுங்கள். பிள்ளை படிக்கும் குரலைக் கேட்டுத் திருத்தும் வகைக்கு கூகுளின் ரீட் அலாங் செயலி இருக்கிறது. 2019-ல் போலோ என்ற பெயரில் இந்தியாவில் வந்தது. கதையை முன்பே இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் நடக்கும்.

கதைகளை இணையம் நன்றாக இருக்கும் இடத்தில் பிடிஎஃப்-ஆக இறக்கி, நிலைக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, நான்கு டேப்லெட்டிலும் ஒரே மாதிரி ஏற்றுங்கள். முதல் மாதத்துக்கு நிலைக்கு 15 கதை போதும். நூறு கதை போட்டால் பிள்ளைகள் அட்டைப்படம் பார்த்தே 15 நிமிடத்தையும் கழித்துவிடுவார்கள். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பைத் தவிருங்கள். பழைய கருவிகளில் எழுத்துரு சிதறி, ‘கொ’ என்பதில் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக நிற்கும். எழுத்துக் கூட்டப் பழகும் பிள்ளைக்கு இது பெரிய கேடு. கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்தாலும் ஒலி பின்னால் வருகிறது என்பதே அதற்கு இன்னும் பிடிபடாத சங்கதி.

அட்டையில் போட்டிருக்கும் நிலை எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். நிலை பெரும்பாலும் மூலக் கதைக்குப் போட்டது. ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இரண்டு, மூன்று சிறு சொல்லாக இருப்பது தமிழில் ‘ஓடிக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரே சொல்லாகும். சொல்லின் எண்ணிக்கை குறையும், சுமை கூடும். மொழிபெயர்த்தவரின் நடையும் சேர்ந்துகொள்ளும்: பிள்ளை பஸ் என்று சொல்வது பேருந்தாகியிருக்கும், சைக்கிள் மிதிவண்டியாகியிருக்கும். ஒரு கைக்கணக்கு சொல்கிறேன். கதையின் முதல் 50 சொல்லை எடுங்கள். ஆறு எழுத்துக்கு மேற்பட்ட சொற்கள் பத்தைத் தாண்டினால் அந்தக் கதையை ஒரு நிலை மேலே தள்ளிவிடுங்கள். இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்தால் ஒரு மாலையில் 60 கதையையும் சலித்துவிடலாம். இந்த ஒரு மாலையைத் தவிர்க்காதீர்கள்.

இனி பிள்ளைகளின் நிலை. நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே வகுத்த முறை இதற்குப் போதுமானது. பிள்ளை முன்பு பார்த்திராத கதையிலிருந்து 60 சொல் கொண்ட ஒரு பகுதி. அதே பகுதி உங்கள் கையில் ஒரு தாளில். பிள்ளை படிக்கப் படிக்க, சரியான சொல்லுக்கு ஒரு டிக். தவறானால் பிள்ளை என்ன சொன்னதோ அதை அப்படியே மேலே எழுதுங்கள். தானே திருத்திக்கொண்டால் ‘தி’ என்று குறியுங்கள், அது பிழைக் கணக்கில் வராது. மூன்று பிழை வரை என்றால் 95 விழுக்காடு, தானே படித்துக்கொள்ளும் நிலை. நான்கிலிருந்து ஆறு என்றால் உங்கள் துணையோடு படிக்க வேண்டிய நிலை. அதற்கு மேல் போனால் அந்தக் கதை இப்போதைக்கு வேண்டாம். முடிந்ததும் “என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேளுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம், 38 பேருக்கு 152 நிமிடம். இருவர் பங்கிட்டால் நாளுக்குக் கால் மணி நேரத்தில் ஐந்தே நாளில் முடியும்.

இந்த வரம்புகள் ஆங்கில வாசிப்பை வைத்து வந்தவை. தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ‘குரங்கு கிளையிலிருந்து குதித்துவிட்டது’ என்று ஒரு வரி. ஒரு பிள்ளை “குரங்கு கிளைலருந்து குதிச்சிருச்சு” என்று மடமடவென்று படிக்கிறது. இன்னொன்று “கு… ர… ங்… கு” என்று ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு மூன்று சொல்லையும் அச்சுப்படி முடிக்கிறது. எது குதித்தது என்று கேட்டால் விழிக்கிறது. இயந்திரக் கணக்கில் முதல் பிள்ளைக்கு மூன்றில் இரண்டு பிழை, இரண்டாவதற்கு முழு மதிப்பெண். உண்மை தலைகீழ். முதல் பிள்ளை கண்ணால் பார்த்த எழுத்து நடையைத் தன் வாய்மொழிக்கு மாற்றிச் சொல்கிறது. பொருள் புரியாமல் அப்படி மாற்ற முடியாது. ஆகவே பேச்சு வடிவத்தில் படித்ததைப் பிழையாக எண்ணாதீர்கள். ‘பே’ என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘கிளை’யைக் ‘கிளி’ என்றோ, ‘குதித்து’ என்பதைக் ‘குடித்து’ என்றோ படித்தால் அதுதான் பிழை. எழுத்து நடையில் படிக்கவும் பழக வேண்டும்தான். அதற்கு வழி, நீங்கள் உரக்கப் படித்துக் காட்டி, பிள்ளையை அதே வரியைத் திரும்பப் படிக்கச் சொல்வது. நிலையைக் குறைப்பது அல்ல.

ஐந்தாம் நாள் முடிவில் அந்தத் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தால் பிழைகள் கூட்டம் கூட்டமாக இருப்பது தெரியும். ஒரு பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறுகிறது. இன்னொன்றுக்குத் துணைக்காலும் ‘ர’வும் ஒன்றாகத் தெரிகிறது. உகர வரிசை பலருக்கும் இடறும், ‘கு, சு, டு, மு, து’ எல்லாம் ஆளுக்கொரு வடிவம் என்பதால். படிநிலைக் கதைகள் இதைக் கற்றுத் தராது. உயிர்மெய் வரிசைகளில் பாதி கூடத் தெரியாத பிள்ளையை முதல் நிலைக் கதையில் உட்காரவைத்தால் படத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் பழகும். ஊகத்தை ஓர் உத்தியாகவே கற்றுக் கொடுத்த பள்ளிகள் அமெரிக்காவில் இன்று கடும் விமரிசனத்தில் இருக்கின்றன. அங்கே சில மாநிலங்கள் சட்டம் போட்டே அதைத் தடுத்திருக்கின்றன. எழுத்துக்கும் ஒலிக்கும் பெருமளவு ஒழுங்கு உள்ள தமிழில் ஊகம் தேவையே இல்லை. அந்தப் பிள்ளைக்கு எழுத்து வேலை தனியாகத் தினம் 20 நிமிடம் நடக்கட்டும், கதைப் புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

குரல் கேட்கும் செயலிகளில் வரும் தொல்லைகள் வேறு வகை. ஒரே அறையில் நான்கு பேர் சத்தம் போட்டுப் படித்தால் ஒரு டேப்லெட்டின் மைக் பக்கத்துப் பிள்ளையின் குரலையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆளுக்கு ஒரு மூலை, முகம் சுவரைப் பார்த்து, ஒருவர் வராண்டாவில். மைக் உள்ள, ஒயர் வைத்த ஹெட்செட் இருந்தால் பாதித் தொல்லை தீரும். வாங்குவதற்கு முன் டேப்லெட்டில் அந்த வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், புதிய கருவிகள் பலவற்றில் இல்லை. அடுத்தது, தெரியாத சொல்லைத் தொட்டால் செயலியே சொல்லிக் கொடுக்கும் வசதி. சில பிள்ளைகள் எல்லாச் சொல்லையும் தொட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லி நட்சத்திரம் வாங்கிவிடும். பக்கத்துக்கு இரண்டு முறைதான் தொடலாம் என்று விதி வையுங்கள். நட்சத்திரத்துக்காக ஒரே சின்னக் கதையைப் பத்து முறை படிப்பதும் நடக்கும். மூன்று முறை வரை நல்லது, சரளம் வரும். நான்காம் முறை புதுக் கதை. ஒரே கணக்கில் பல பிள்ளைகள் படிப்பதால் செயலி காட்டும் முன்னேற்றம் யாருடையது என்றே தெரியாது. 40 பக்க நோட்டு ஒன்றில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, கதை, பிழை எண்ணிக்கை, சொல்லிக் காட்டியதா என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். செயலியின் அறிக்கையை விட இது மேல்.

ஸ்மார்ட் டிவியை மறக்காதீர்கள். வாரம் இரண்டு நாள் ஒரு கதையைப் பெரிதாகத் திரையில் போட்டு, குச்சியால் வரியைக் காட்டி எல்லோரும் சேர்ந்து படிப்பது 46 பேரையும் ஒரே நேரத்தில் எட்டும். ஒன்றாம் வகுப்புக்கும் அதுவே போதும். இந்தக் கதை பிள்ளைகளின் நிலைக்கு ஒரு படி மேலேயே இருக்கட்டும். தன் நிலைக் கதைகளை மட்டுமே பார்க்கும் பிள்ளைக்குச் சொல்வளம் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடும்.

நிலை ஏற்றுவதற்கு: முன்பு பார்த்திராத மூன்று கதைகளில் 95 விழுக்காடும், கதையைத் தன் சொல்லில் சொல்வதும் சேர்ந்து வர வேண்டும். தொடர்ந்து இரண்டு கதையில் 90-க்குக் கீழே போனால் ஒரு நிலை இறக்கலாம். ஆறு வாரத்துக்கு ஒரு முறை எல்லோரையும் மறுபடி கேளுங்கள். தமிழ்நாடு அரசின் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளை இதோடு ஒட்டவைக்காதீர்கள். அங்கே மலரில் இருக்கும் பிள்ளை ‘ஓடு’ புத்தகத்தில் திணறலாம், இரண்டும் வேறு வேறு அளவை. நிலையைப் புத்தகத்தின் முதுகில் ஒட்டும் வண்ணக் காகிதமாக மட்டும் வையுங்கள். பிள்ளையின் பெயரோடு சேர்த்து வகுப்பில் ஒருபோதும் சொல்ல வேண்டாம். “நீ இன்னும் சிவப்புதானா” என்று ஒரு முறை கேட்ட பிள்ளை அடுத்த நாள் டேப்லெட்டைத் தொட மறுக்கும்.

கோடை விடுமுறைக்குப் பிறகு ஜூனில் பழைய நிலையிலிருந்தே தொடங்காதீர்கள். ஒரு நிலை கீழே ஒரு வாரம் படிக்கவிட்டு, பிறகு அந்த 60 சொல் தாளை எடுங்கள்.