முள் நின்ற இடம்

அன்புள்ள ஐயா,
மண்டபத்தில் ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். பெண்கள் கொண்டுவரும் கடல்பாசிச் சாக்குகளுக்கு ஒன்றிரண்டு கிலோ குறைத்து எழுதச் சொல்கிறார் முதலாளி. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. என் மனசாட்சிக்கு மட்டும் பதில் சொன்னால் போதாதா? வேலையை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடவுள் விஷயத்தை விடுங்கள். கோயிலுக்குப் போய் வந்த கையோடு எடையில் கை வைப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் மனசாட்சி என்று இவ்வளவு லேசாக எழுதாதீர்கள். அது நம் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தது, நம் பக்கம்தான் பேசும். என்னுடையது பேசியது. 19 வயதில் பாம்பன் பக்கம் நானும் இதே வேலைதான் பார்த்தேன். ஒரு அக்கா, விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல், காய்ந்த மரிக்கொழுந்துப் பாசிச் சாக்கைத் தராசில் மாட்டினார். "எனக்கு எழுத்து தெரியாது தம்பி, முள்ளு எங்க நிக்கிதுன்னு நீயே பாத்துச் சொல்லுய்யா" என்றார். முள் 23ல் நின்றது. நான் 21 என்றேன். "சரிய்யா" என்று காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் தம்பி. முதலாளி சொன்னார், நான் செய்தேன் என்று மனசாட்சி சமாதானம் சொல்லிவிட்டது.

அதே பெண்களைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே போகாதே என்று தடுக்க வனத்துறை இருக்கிறது. ஆனால் மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்பது அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மிச்ச நாளில் பாசி வளரட்டும் என்றுதான். அவர்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல், தீவுகளைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. 13வது நாள் ஒருத்தி இறங்கினால் யார் பிடிக்கப்போகிறார்கள்? இறங்காமல் கரையில் உட்கார்ந்திருக்கிறாளே பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நாம் சொன்னதைச் சரிபார்க்க வழியில்லாமல் நம்பிவிட்டுப் போகிறாரே, அவருக்குத்தான் நாம் கடன்பட்டவர்கள். உங்கள் மனசுக்கு இல்லை தம்பி, அந்தச் சாக்குக்காரிக்கு.

வேலையை விடுவதா என்பதை உங்கள் வீட்டு நிலைமை தெரியாமல் நான் எப்படிச் சொல்ல? ஆனால் நாளைக் காலை எடை போடும்போது, முள் நின்ற எண்ணை அவர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு எழுதுங்கள். முதலாளி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.