இயற்கையிலேயே நன்றாகப் பாடும் பிள்ளைக்குத் தினசரிப் பயிற்சி தேவையா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே பாடிவிடுகிறாள். பிறவியிலேயே வருகிற பிள்ளையைத் தினமும் சாதகம் செய்யச் சொல்லி வற்புறுத்த வேண்டுமா?

பதில்: வேண்டும். மற்றப் பிள்ளைகளை விட உங்கள் மகளுக்குத்தான் அது கூடுதலாக வேண்டும்.

திருகோணமலை உவர்மலையில் பல வருடங்களாக வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வந்து பாதியில் நின்றுபோனவர்களில் பலர் எல்லாம் சட்டென்று பிடிபட்ட பிள்ளைகள்தான். முதற்பாடமான சரளி வரிசை அவர்களுக்கு விளையாட்டு. இசைத் தேர்வுகள் நடத்தும் வட இலங்கைச் சங்கீத சபையின் ஆரம்பத் தரங்களையும் அதிகம் உழைக்காமலே தாண்டிவிடுவார்கள். வர்ணம் என்ற கடினமான உருப்படி வகை தொடங்கும்போதுதான் கேட்டே பாடும் கேள்விஞானம் மட்டும் கைகொடுக்காமல் போகும். அதுவரை எந்த இடத்திலும் முட்டி நின்று பழகாத பிள்ளைக்கு அந்த முதல் தடங்கலே அவமானமாகப் படுகிறது. எவ்வளவு நல்ல குரல்கள் அப்படி வீணாகியிருக்கின்றன என்று நினைத்தால் மனம் பொறுக்காது.

இப்போது படிக்கும் ஒரு மாணவனைச் சொல்கிறேன். கோணேசர் கோயிலில் கேட்ட தேவாரத்தை வீட்டுக்கு வந்து சுருதி பிசகாமல் பாடுகிறவன். ஆரம்பப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தில் வரிசையை முதற்காலத்தில், அதாவது மெதுவாக, பாடினால் அத்தனை சுத்தம். மூன்றாம் காலத்துக்கு, அதாவது நான்கு மடங்கு வேகத்துக்கு, ஏறும்போது மட்டும் காந்தாரம் என்ற 'க' சுரம் மயிரிழை இறங்கிவிடும். இந்த ராகத்தின் 'ரி'யான சுத்த ரிஷபத்துக்கும் 'க'வான அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு. வேகத்தில் குரல் அதை எட்டிப் பிடிப்பதில்லை. அவனோ முழு வரிசையையும் திரும்பத் திரும்பப் பாடுவான். நன்றாக வருகிற இடங்களைப் பாடுவது சுகமல்லவா! வரிசையை நிறுத்திவிட்டு, 'ரி க' என்ற இரண்டு சுரங்களை மட்டும் தம்பூராவோடு 'ஆ' என்ற அகாரத்தில் பாடவைத்தேன். பிறகு 'ஸ ரி க ம'. காலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். நன்றாகவே சலித்துக்கொண்டான். கைபேசியில் பதிவுசெய்து அவன் குரலை அவனையே கேட்கவைத்த பிறகு, காந்தாரம் இறங்கினால் நான் சொல்லுமுன் அவனே நிறுத்துகிறான்.

1993இல் வெளியான ஓர் ஆய்வில், பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் ஆராய்ந்தார்கள். அதிலிருந்து, தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற கணக்கை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: முன்னேற்றத்துக்கு மிக முக்கியமானது தனியே இருந்து செய்யும் பயிற்சிதான் என்று சொன்ன அந்த மாணவர்கள், அது மிகுந்த முயற்சி கேட்கும் வேலை என்றும் சொன்னார்கள். பயிற்சி மட்டுமே எல்லாம் என்றும் நான் சொல்லமாட்டேன். 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இசைத் திறனில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 21 சதவீதம்தான் பயிற்சியோடு பொருந்தியது. உங்கள் மகளின் காது உண்மையிலேயே ஒரு கொடைதான்.

காலையில் பாடசாலைக்கு முன் அரை மணி நேரம் போதும். தொண்டை களைத்திருந்தால் விட்டுவிடுங்கள். விருந்தினர் முன் பாடச் சொல்வதைக் குறைத்து, "இன்று எந்த இடம் சரியாக வந்தது?" என்று கேளுங்கள். ஆசிரியரைத் தேடும்போது, வந்த அன்றே புதுப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவரை விட, அவளைப் பாடவிட்டு நடுவில் நிறுத்தி, "அந்த இடத்தை மட்டும் இன்னொருமுறை பாடு பிள்ளை" என்று சொல்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.