ஒட்டகச்சிவிங்கி வேண்டுமென்றால் ஒதுக்குப்புறம்தான்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் அமெரிக்காவில் ஷார்லட் நகரத்தில் இருக்கிறார், செப்டம்பர் கடைசி வாரம் எல்லோரும் காரிலேயே ஃபுளோரிடா போய் டிஸ்னி வேர்ல்டில் நான்கு இரவு தங்குவதாகத் திட்டம். மருமகளுக்கு 'அனிமல் கிங்டம் லாட்ஜ்' ஓட்டல்தான் பிடித்திருக்கிறது. மகனோ, "அது எல்லாத்துக்கும் தூரம், காட்டுக்குள்ள கிடக்குது, வேண்டாம்" என்கிறார். மனைவிக்கு மூட்டுவலி, பேரனுக்கு நான்கு வயது, வீட்டில் சைவம். தூரம் உண்மையிலேயே ஒரு பிரச்சினையா என்பது கேள்வி.

ஐயா, மருமகள் பக்கம்தான் நான். ஆனால் மகன் சொல்வதும் பொய்யில்லை, ஒரு விஷயத்தில் அவர் சொல்வது முழுக்க சரி, அதற்கு வருகிறேன்.

முதலில் 'தூரம்' என்றால் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். டிஸ்னி வேர்ல்டை ஒரு பூங்கா என்று நினைத்துக்கொண்டுதான் என்னிடம் நிறைய பேர் வருகிறார்கள். அது ஒரு ஊர். மொத்தப் பரப்பு நூறு சதுர கிலோமீட்டர் இருக்கும், நம் புதுச்சேரி வட்டாரம் முழுவதுமே அதைப்போல மூன்று மடங்குதான், அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள்: 1971-ல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-ல் எப்காட், 1989-ல் இப்போது ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்கிறார்களே அது, 1998-ல் அனிமல் கிங்டம். இவற்றுக்கு நடுவே இருபத்தைந்துக்கும் மேல் ஓட்டல்கள். நீங்கள் கேட்கும் லாட்ஜ் இதில் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து மேஜிக் கிங்டத்துக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து தவளக்குப்பம் தாண்டிப் போகிற தூரம்தான், வழியில் மரப்பாலம் சிக்னல் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

இந்த ஒதுக்குப்புறம் தற்செயலாக வந்ததும் இல்லை. வால்ட் டிஸ்னி 1955-ல் கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது கையில் இருந்தது ஏறக்குறைய 160 ஏக்கர். திறந்த கொஞ்ச நாளிலேயே சுற்றிலும் மோட்டல்களும் கடைகளுமாக நெருக்கிக்கொண்டு வந்துவிட்டன. அந்த எரிச்சலில்தான் அடுத்ததற்கு ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தை, வெவ்வேறு பெயர்களில் ரகசியமாக, 27 ஆயிரம் ஏக்கர் அளவுக்கு வாங்கிப் போட்டார்கள். சுற்றிலும் ஊர் வந்து ஒட்டக்கூடாது என்பதற்காகவே வாங்கிய இடம். அதிலும் இந்த லாட்ஜ் 2001-ல் வந்தபோது அறை பால்கனிக்கு முன்னால் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய வேண்டும் என்று புல்வெளி போட்டார்கள். மேஜிக் கிங்டம் வாசலில் அந்த அளவு நிலத்துக்கு எங்கே போவது? தூரத்தைக் குறை என்று சொல்கிறோம், ஆனால் அந்தத் தூரம்தான் அங்கே விற்பனைப் பொருளே.

சரி, மகன் சொல்வதில் எது சரி என்று பார்ப்போம். கிலோமீட்டரை விட்டுவிடுங்கள், ஒரு நாளில் எத்தனை முறை ஓட்டலுக்கும் பூங்காவுக்கும் போய்வருவீர்கள் என்று எண்ணுங்கள். காலையில் போய் இரவு திரும்புகிற குடும்பத்துக்கு இந்த லாட்ஜ் தூரமே இல்லை. நான்கு வயதுப் பையன் மதியம் தூங்கியே ஆகவேண்டும் என்றால் கதை வேறு. மேஜிக் கிங்டத்துக்கு லாட்ஜிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது இன்னொரு இருபது என்று வையுங்கள், அறையிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பது, பூங்காவுக்குள் வாசல் வரை நடப்பது, எல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம். திரும்பப் போக இன்னொரு மணி நேரம். ஒரு தூக்கத்துக்கு இரண்டு மணி நேரம் வழியிலேயே போய்விடும், பையன் பஸ்ஸிலேயே தூங்கி ஓட்டலில் இறங்கியதும் விழித்துக்கொள்வான், அதுவும் நடக்கும். இதே 'கன்டெம்ப்ரரி' என்ற ஓட்டலில் தங்கினால் பத்து நிமிட நடையில் மேஜிக் கிங்டம். மோனோரயிலும் அந்த ஓட்டலுக்குள்ளேயே வந்து நிற்கும். வாடகையும் அதற்கேற்ற மாதிரித்தான் இருக்கும்.

ஆனால் இது மேஜிக் கிங்டம் ஒன்றுக்கு மட்டும். மற்ற மூன்றும் கிட்டத்தில்தான். அனிமல் கிங்டம் பஸ்ஸில் ஐந்து பத்து நிமிடம், மற்ற இரண்டும் கால் மணி நேரம் போல. இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெயரில் அனிமல் கிங்டம் இருக்கிறது என்பதால் ஓட்டலிலிருந்து நடந்தே பூங்காவுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. முடியாது, நடைபாதை கிடையாது. ஓட்டலில் தெரிகிற விலங்குகளும் பூங்காவின் சஃபாரியில் வருகிற விலங்குகளும் வேறு வேறு.

உங்களிடம் கார் இருக்கிறதே, அதுதான் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கிறது. லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு ஓட்டலிலும் பூங்காக்களிலும் பார்க்கிங் இலவசம். எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் மூன்றுக்கும் காரில் போங்கள், வாசலுக்கு அருகிலேயே விட்டுவிடலாம். மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் காரை எடுக்காதீர்கள். மகன் கண்டிப்பாக எடுப்பேன் என்பார், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது பழக்கம். அந்தப் பூங்காவுக்குக் காரில் போனால் ஏரியின் எதிர்ப்பக்கம் பார்க்கிங், அங்கிருந்து மோனோரயில் அல்லது படகு பிடித்துத்தான் வாசலுக்கு வரவேண்டும். ஓட்டல் பஸ்ஸோ நேரே வாசல் பக்கத்தில் இறக்கிவிடும். அம்மாவின் மூட்டுவலிக்கு இந்த ஒரு விஷயம் பெரிய உதவி. பஸ்ஸில் சக்கர நாற்காலி ஏற சாய்தளம் இருக்கிறது, முதலில் அவர்களைத்தான் ஏற்றுவார்கள். பேரனின் தள்ளுவண்டியை மட்டும் மடித்துக் கையில் பிடிக்கவேண்டும், அதனால் ஒரே கையால் மடிகிற மாதிரி லேசான வண்டியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கனமான வண்டியை எடுத்துப்போய், குழந்தையை இடுப்பிலும் பையைத் தோளிலும் வைத்துக்கொண்டு அதை மடிக்கத் தெரியாமல் பஸ் வாசலில் முழித்தேன். பின்னால் நின்ற ஒரு பாட்டி வாங்கி ஒரே தட்டில் மடித்துக் கொடுத்தார்.

தொங்கு வண்டியில் போகிற ஓட்டல்கள் இருக்கிறதே, அதற்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். 'ஸ்கைலைனர்' என்று 2019-ல் வந்தது, எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் போவது செப்டம்பரில். ஃபுளோரிடாவில் அந்த மாதங்களில் மத்தியானம் மூன்று நான்கு மணிக்கு இடி மின்னலோடு கொட்டுவது சாதாரணம், கடலூர்க்காரருக்கு மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் வந்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். பஸ் ஓடும்.

இப்போது யாரும் சொல்லாத தூரம் ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு அதுதான் முக்கியம் என்பேன். ஓட்டலுக்குள்ளேயே இருக்கிற தூரம். லாட்ஜில் இரண்டு கட்டடம், பழையது ஜாம்போ ஹவுஸ், 2009-ல் வந்தது கிடானி வில்லேஜ். புல்வெளியைச் சுற்றிக் கட்டியதால் இரண்டும் வளைந்து வளைந்து நீண்டு கிடக்கும். வரவேற்புக் கூடத்திலிருந்து கடைசி அறைக்கு வராந்தாவிலேயே பல நிமிடம் நடக்கவேண்டும், கம்பளம் விரித்த வராந்தா, முடிவே தெரியாது. மூட்டுவலிக்காரர் காலை, மாலை, சாப்பாட்டுக்கு என்று நான்கு முறை நடந்தால் பூங்காவுக்குப் போகும் முன்பே கால் ஓய்ந்துவிடும். முன்பதிவு செய்யும்போதே லாபிக்கும் லிஃப்டுக்கும் பக்கத்தில் அறை வேண்டும் என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள், போகிற வாரம் ஒருமுறை போன் செய்து நினைவுபடுத்தவும் சொல்லுங்கள். உறுதி தரமாட்டார்கள், ஆனால் கேட்காதவர்களுக்குக் கிடைக்கிற வாய்ப்பு இன்னும் குறைவு.

அப்புறம் அறை வகை. 'சவானா வியூ' என்று போட்டிருக்கும் அறையில்தான் பால்கனிக்கு முன்னால் விலங்குகள். விலை குறைந்த அறைகளில் மரமோ நீச்சல் குளமோ பார்க்கிங்கோ தெரியும். அவ்வளவு தூரம் போய்த் தங்கிவிட்டுப் பார்க்கிங்கைப் பார்ப்பதென்றால், அதற்கு மகன் சொல்கிறபடி வேறு ஓட்டலுக்கே போய்விடலாம்.

என் அம்மாவை அங்கே அழைத்துப் போனபோது இரண்டாம் நாள் அவர் பூங்காவுக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் சாயங்காலம் திரும்பியபோது பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் ஃபிளாஸ்க். எதிரே அங்கோலே மாடுகள். ஆப்பிரிக்க இனம், கொம்பு ஒவ்வொன்றும் கை நீளத்துக்கு மேல், அடியில் தொடை அளவு பருமன், அதைத் தூக்கிக்கொண்டு தலையை ஆட்டாமல் மேயும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், "இது எத்தினி லிட்டர் கறக்கும்?" எனக்குத் தெரியவில்லை. ஒட்டகச்சிவிங்கி நாலு தடவை வந்துவிட்டுப் போனது என்று கணக்கு வேறு வைத்திருந்தார்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு காசு விஷயம். டிக்கெட் ஆளுக்கு இத்தனை நாள் என்று வாங்குவது, எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை வாங்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் மனைவிக்கு இரண்டு நாள் டிக்கெட் போதும், மற்ற நாளில் அவருக்கு ஓட்டல்தான் பூங்கா. ஊர் நடுவில் இருக்கிற ஓட்டலில் இப்படி ஒரு நாள் முழுக்க உட்கார என்ன இருக்கிறது, டிவிதான். பேரனுக்கு நான்கு வயது என்பதால் டிக்கெட் உண்டு, மூன்று வயதுக்குள் இருந்திருந்தால் இலவசம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். வேறு ஓட்டல்களைவிட இங்கே சைவத்துக்கு வசதி அதிகம். கிடானியில் 'சனா' என்ற உணவகம், ஆப்பிரிக்கச் சமையலில் இந்தியக் கைவண்ணம் கலந்தது. 'நான்' (naan) மாதிரியான ரொட்டிகளும் தொட்டுக்கொள்ளச் சட்னி, ராய்த்தா, ஊறுகாய் என்று ஒன்பது வகையும் ஒரு தட்டாகக் கொடுப்பார்கள், ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை. ஜாம்போவில் 'போமா' பஃபேயில் பருப்பு, கிழங்கு வகைகள் கிடைக்கும். தினமும் இதையே சாப்பிட முடியாது என்பதும் தெரியும். அறையில் சின்ன ஃபிரிட்ஜ் இருக்கும், ஆர்லாண்டோவில் ஆரஞ்ச் பிளாஸம் டிரெயில் சாலைப் பக்கம் இந்திய மளிகைக் கடைகள் உண்டு, வரும் வழியில் தயிர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.

ஒதுக்குப்புறம் எங்கே உண்மையிலேயே தொல்லை தரும் என்றால், கார் இல்லாதபோதும் ராத்திரியிலும்தான். பக்கத்து மாநிலத்தில் ஒரு பூங்காவை ஒட்டிய ரிசார்ட்டில் குடும்பத்தோடு மாட்டியிருக்கிறேன், இரவு பத்துக்குச் சமையலறையை மூடிவிட்டார்கள், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை கிடையாது, பிஸ்கெட்டும் தண்ணீரும்தான். அதனால் எந்த நாட்டு ரிசார்ட்டானாலும் நான் முதலில் கேட்பது, ராத்திரி எத்தனை மணி வரை சாப்பாடு கிடைக்கும் என்றுதான். அடுத்தது ஆஸ்பத்திரி. லாட்ஜுக்குக் கிட்டத்தில் செலிப்ரேஷன் என்ற ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, இருந்தாலும் உங்கள் இருவருக்கும் பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

மகன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. அவர் சொல்கிற ஓட்டலிலேயே தங்குங்கள், ஒரு சாயங்காலம் சனாவில் மேசை முன்பதிவு செய்துகொண்டு லாட்ஜுக்குக் காரில் போங்கள். முன்பதிவு இருந்தால் உள்ளே விடுவார்கள். சாப்பிட்டுவிட்டு, பொதுவான பார்வை இடங்களில் நின்று விலங்குகளை ஆசை தீரப் பார்க்கலாம், அதற்கு அங்கே தங்க வேண்டியதில்லை. இருட்டுவதற்கு முன் போகிற மாதிரி நேரம் குறியுங்கள். அங்கேயே தங்குவதென்றால் முதல் நாள் அனிமல் கிங்டம், இரண்டாம் நாள் பஸ்ஸில் மேஜிக் கிங்டம் என்று வைத்துக்கொண்டு மூன்றாம் நாளைச் சும்மா விடுங்கள். ஓட்டலில் தங்குகிறவர்களைப் பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்பே விடுவார்கள், அந்த அரை மணி வேண்டுமென்றால் அறையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிட வேண்டும்.

தினமும் சில்வர் பீச்சில் நடப்பதாக எழுதியிருந்தீர்கள். ஓட்டல் வாசலைத் தாண்டி நடக்க அங்கே தெருவும் இல்லை, கடையும் இல்லை, அது உங்களுக்கு உறுத்தும். ஜாம்போவுக்கும் கிடானிக்கும் நடுவே நடைபாதை இருக்கிறது, போகப் பத்து நிமிடம், வரப் பத்து நிமிடம், இரண்டு சுற்று வந்தால் சரியாக இருக்கும். ஆனால் அந்த வாரம் அங்கே ஏழே காலுக்குத்தான் சூரியன் வரும், கடலூர் நினைப்பில் ஐந்தரைக்கே கிளம்பிவிடாதீர்கள்.