டேக்கிள் சதவீதம் சொல்லாமல் விடுவது

கேள்வி: எங்கள் கிளப் ரக்பி அணியில் 13-ஆம் எண்ணுக்கு (வெளி சென்டர் இடம்) இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். ஒருவரின் டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்துச் சாய்ப்பது) வெற்றி 92 சதவீதம், இன்னொருவருக்கு 78. முதலாமவரின் ஏஜென்ட் வீடியோவும் அனுப்பியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு அவரையே எடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த வீடியோவை ஓரமாக வையுங்கள். ஏஜென்ட் அனுப்பும் நான்கு நிமிடத் தொகுப்பில் யாரும் டேக்கிளைக் கோட்டைவிட்டு நான் பார்த்ததில்லை. இசை அதிர, ஆள் பறந்து விழுவார். அதில் பாதி, தோளுக்கு மேலே பிடித்தது. கண்டிப்பான நடுவரிடம் அட்டை வாங்கித் தரும். தோற்ற ஆட்டம் ஒன்றின் 80 நிமிடப் பதிவையும் கேளுங்கள், மைதானத்தின் முழு அகலமும் தெரிகிற கோணத்தில். தடுப்பாட்டம் பெரும்பாலும் பந்து இல்லாத இடத்தில்தான் நடக்கிறது.

சரி, சதவீதத்துக்கு வருவோம். முயன்று தவறினால்தான் தவறு என்று எழுதுவார்கள். இடத்துக்கே வந்து சேராதவர் கணக்கில் வரமாட்டார். சோம்பேறிக்கு இதைவிட வசதியான கணக்கு கிடையாது! இத்தனை வருடமாகியும் பல புள்ளிவிவரத் தாள்களில் ‘வரவேயில்லை’ என்பதற்கு ஒரு கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. தேர்வாளர்களும் அந்தத் தாளைத்தான் புரட்டுகிறார்கள்.

இடமும் முக்கியம். 2023 உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் 28 டேக்கிள் செய்தார். அபாரம்தான், ஆனால் அவர் ஃபிளாங்கர், பந்துக்கு நெருக்கமாகவே ஆடும் முன்கள வீரர். ரக்குக்கு, அதாவது தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் முட்டிமோதும் இடத்துக்கு, பக்கத்தில் எதிராளி பெரும்பாலும் நேராக மேலே வந்து மோதுவார். 13-க்கோ இரு பக்கமும் வெட்டவெளி. உள்ளே பாய்வதா, மைதான ஓரத்தில் ஓடும் விங்கர் பக்கம் நகர்வதா என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். அங்கே 78 அவமானம் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் 13 வேகமாக முன்னே பாய்கிறார். பந்து வைத்திருப்பவர் மிரண்டு உள்பக்கம் திரும்புகிறார். இவர் கையில் காற்றுதான். ஆனால் உள்ளே நிற்கும் ஃபிளாங்கர் அவரை மூன்று மீட்டர் பின்னால் தள்ளிச் சாய்க்கிறார். தாளில் 13-க்கு ஒரு தவறு. உண்மையில் வேலையை முடித்ததே இந்த 13-தான். அதனால் ஒவ்வொரு தவறுக்கும் பிறகு ஐந்து விநாடி ஓடவிட்டு, பந்து எங்கே போய் நின்றது என்று பாருங்கள். இதையே சாக்காக்கவும் விடக்கூடாது. தடுப்பு வரிசை மொத்தமும் சேர்ந்து ஏறியிருந்தால்தான் இந்தச் சலுகை. தனியாகப் பாய்ந்து பின்னால் கதவைத் திறந்துவிட்டிருந்தால், வேறொருவர் காப்பாற்றியிருந்தாலும் தவறு இவருடையதே.

அப்புறம் கால்களைப் பாருங்கள். மோதும் முன் காலடிகள் சின்னதாக வேண்டும். நீட்டி வைத்துக் கையை வீசுபவர் ஏமாறுவார். டேக்கிள் முடிந்து எவ்வளவு சீக்கிரம் எழுந்து வரிசைக்குத் திரும்புகிறார் என்பதை 70-ஆவது நிமிடத்தில் பாருங்கள், 10-ஆவதில் அல்ல.

தோற்ற ஆட்டத்தின் பதிவு எங்களிடம் இல்லை என்பார் ஏஜென்ட். ஜெயித்த அணியிடம் இருக்கும். அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.